எம்மா வில்லார்டு அம்மையார்

ஒரு கலாசாலையின் வாயிலிற் புகுவோர் அதன் மாடங்களையும் மண்டபங்களையும் நிழல் தரும் மரங்களையும் கண்டு மகிழ்வர். அம்மாடங்கள் மண்ணின்மீது எழுவதற்கு முன்னே அவற்றைத் தம் மனத்தின்கண் எழுப்பியவர் யாவர் என நினைந்து பார்ப்போர் சிலரே. நல்லாசிரியர் ஒருவரின் உழைப்பு அவர் வாழ்நாளோடு முடிந்துவிடாதிருத்தல் வேண்டுமாயின், அதற்கு நிலையானதோர் இல்லம் வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து, பெண்மக்களின் கல்விக்கு அத்தகைய இல்லம் ஒன்றை ஒரு நகரத்தின் நடுவே நாட்டிச் சென்ற பெருமாட்டியார் எம்மா வில்லார்டு அம்மையார் ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள கனெக்டிகட் மாகாணத்தில் பெர்லின் என்பது ஒரு சிற்றூர். அங்கே சாமுவேல் ஹார்ட் என்பாருக்கும் லிடியா என்னும் அவர்தம் இரண்டாம் மனைவியாருக்கும் 1787-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் எம்மா பிறந்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குரிய அரசியலமைப்புச் சட்டம் வகுக்கப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. சாமுவேலின் மக்கள் பதினெழுவருள் எம்மா பதினாறாமவர். தந்தையார் உழவுத்தொழில் செய்து வாழ்ந்தவர். ஆயினும் நூல்களிடத்துத் தணியாத விருப்புடையவர். சமயத்திலும் அரசியலிலும் பிறர் கூறியதைக் கண்மூடி ஏற்காது தாமே ஆராய்ந்து துணிபவர்.

அக்காலத்துப் பெண்மகள் நூற்கவும், நெய்யவும், பால் கறக்கவும், அடுக்களை காக்கவும் கற்றாற் போதும் என்பது உலகத்தார் கொள்கை. எம்மாவும் இவையனைத்தையும் கற்றார். ஆனால் மாலையில் கணப்படுப்பின் அருகே அமர்ந்து நூல் படிக்குங்கால், தந்தையார் தம் மகளை அடுக்களையினின்றும் அழைத்து, தாம் படித்த பகுதியைப் பற்றி அவளுடன் உரையாடுவார். அவள் கருத்து யாதென வினவுவார். தம் கருத்தைக் கேட்க ஒருவர் உளர் என்னும் எண்ணமே அச்சிறுமியின் அறிவுக்கு முதல் உரமாயிற்று.

1802-ஆம் ஆண்டு தம் ஊரில் இருந்த உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். ஈராண்டுகள் சென்றபின், பதினேழு வயதில், ஊர்ப் பள்ளியொன்றின் ஆசிரியை ஆனார். முதல் நாளில் பிள்ளைகள் சிறிதும் அடங்கினாரில்லை. அன்பு மொழிகள் பயன்படாமற் போகவே, அன்று பிற்பகல் பிரம்பைக் கையில் எடுத்தார். பின்னர் அதற்குத் தேவை நேரவில்லை. அப்பள்ளி விரைவில் அவ்வட்டாரத்தார் பாராட்டும் நிலையை எய்தியது. 1807-ஆம் ஆண்டில், இருபது வயதினராய், வெர்மான்ட் மாகாணத்து மிடில்பரி என்னும் ஊரில் இருந்த பெண் பாடசாலையின் தலைமையை ஏற்றார்.

இல்லறமும் எதிர்வீட்டுக் கல்லூரியும்

மிடில்பரியில் ஜான் வில்லார்டு என்னும் மருத்துவர் வாழ்ந்து வந்தார். அவர் எம்மாவினும் இருபத்தெட்டு ஆண்டு மூத்தவர். முன்னர் மணந்து மனைவியரை இழந்தவர். நான்கு மக்களுக்குத் தந்தை. 1809-ஆம் ஆண்டில் எம்மா அவரை மணந்தார். மறு ஆண்டு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஆசிரியத் தொழிலை விட்டு இல்லற வாழ்வில் அமைந்திருந்தார் எம்மா.

அவர் இல்லத்துக்கு எதிரே மிடில்பரிக் கல்லூரி இருந்தது. மருத்துவரின் உடன்பிறந்தார் மகன் ஒருவன் இவர்களோடு தங்கி அங்குப் படித்து வந்தான். அவன் வீட்டுக்குக் கொணர்ந்த நூல்களை எம்மா எடுத்துப் பார்த்தார். வடிவ கணிதத்தையும் மெய்ப்பொருள் நூலையும் தாமே பயின்றார். தாம் கற்றது சரியா என அறிய அவ்விளைஞனையே வினாக்கள் கேட்கச் சொல்லி விடை தந்தார். கல்லூரியில் இளைஞர் கற்பன யாவை, தாம் பள்ளியிற் கற்றவை யாவை என ஒப்பு நோக்கியபோது, இரண்டிற்கும் இடையே இருந்த பெருவெளி அவர் கண்முன் தோன்றியது. வீட்டு வாயிலினின்றும் நோக்கினால் தெரியும் அக்கல்லூரி, பெண் என்ற ஒரே காரணத்தால், அவருக்கு எட்டாத் தொலைவில் இருந்தது.

1812-ஆம் ஆண்டில் வேறொரு துன்பம் வந்துற்றது. மருத்துவர் வில்லார்டு ஒரு வங்கியின் நிர்வாகிகளுள் ஒருவராக இருந்தார். அவ்வங்கிக்கு நேர்ந்த பணஇழப்பால் அவர் செல்வநிலை மிகவும் தாழ்ந்தது. கணவரின் சுமையைத் தாமும் தாங்க விழைந்த எம்மா, 1814-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். தையலும் இசையும் படம் வரைதலும் மட்டுமே பெண்பள்ளிகளிற் கற்பிக்கப்பட்ட காலம் அது. எம்மாவோ கணிதம், சரித்திரம், மெய்ப்பொருள் நூல் முதலியவற்றையும் ஒவ்வொன்றாகப் புகுத்தினார். புதியதொரு பாடத்தைத் தாம் இரவிற் கற்று, மறுநாட் பகலில் மாணவியர்க்குக் கற்பிப்பதும் உண்டு. எதிரிலிருந்த கல்லூரியின் தேர்வுகளைக் கண்டு அவற்றின் முறையை அறிய விரும்பி இசைவு கேட்டார், அது மறுக்கப்பட்டது. வறுமை தந்த தொழில் இவ்வாறு வாழ்வின் பெருநோக்கமாக மாறிற்று.

சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம்

தம் பள்ளி நன்கு நடைபெற்ற போதிலும் எம்மாவின் உள்ளம் அமைதியுறவில்லை. அக்காலப் பெண்பள்ளிகளின் குறை யாது என ஆராய்ந்தார். அவை தனிப்பட்டவர்களால் வருவாய் கருதி நடத்தப்பட்டன. ஓராண்டு தோன்றும், மறு ஆண்டு மறையும். ஆசிரியை மணம் புரிந்தாலோ நோயுற்றாலோ பள்ளியும் மூடப்படும். மாணவியர் குறைந்தால் உணவுக்கே வழியில்லையாதலின், பெற்றோர் வேண்டும் அணிகலன் போன்ற பாடங்களையே கற்பிக்க நேரும். நூல் நிலையம் இல்லை, கருவிகள் இல்லை, மேற்பார்ப்பார் இல்லை. ஆண்மக்களின் கல்லூரிகளுக்கோ அரசினர் நிலமும் பொருளும் அளித்தனர். ஆசிரியர் மாறினும் அவை மாறாது நின்றன. பெண்கல்வியின் தாழ்வுக்குப் பெண்ணறிவின் குறை காரணம் என்று உலகம் கூறிற்று. பெண்பள்ளிகளுக்கு நிலைபேறு இல்லாமையே காரணம் என்று எம்மா கண்டார்.

இதனை விளக்கிப் பெண்கல்வியைச் சீர்திருத்துதற்குரிய ஒரு திட்டத்தை எழுதினார். பல ஆண்டுகள் அதனைத் திருத்தித் திருத்தி எழுதி, 1818-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்தின் ஆளுநர் டிவிட் கிளிண்டன் என்பாருக்கு அனுப்பினார். அதில் அவர் வேண்டியவற்றுள் முதலாவது கட்டடம். மாணவியர் உறைதற்கும் பாடம் ஒப்பித்தற்கும் போதிய அறைகள் கொண்ட கட்டடம் வேண்டும். நூல் நிலையமும், இசைக் கருவிகளும், நிலப்படங்களும், பூகோள உருண்டைகளும், இயற்கை நூல் சோதனைக்குரிய கருவிகளும் வேண்டும். அறிவு சான்ற நிர்வாக சபையொன்று வேண்டும். சமயமும் ஒழுக்கமும், இலக்கியமும் அறிவியலும், மனையியலும், நுண்கலைகளும் ஆகிய நால்வகைக் கல்வியும் முறைப்படி அளிக்கப்படல் வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். கல்லூரி எனப் பெயரிட்டால் கற்றோரும் நகைப்பர் என்றெண்ணி, செமினெரி என்னும் அடக்கமான பெயரையே தாம் கருதிய நிலையத்துக்குச் சூட்டினார்.

ஆளுநர் அத்திட்டத்தை மகிழ்ந்து ஏற்றுச் சட்டசபையின் முன் பரிந்து பேசினார். வில்லார்டு தம்பதிகள் மாகாணத் தலைநகராகிய ஆல்பனிக்குச் சென்றனர். பொதுமேடையில் பெண் ஏறிப் பேசுதல் இழிவெனக் கருதப்பட்ட காலமாதலின், எம்மா சட்டசபையினரை ஒருவர் ஒருவராகவும் சிறு சிறு கூட்டமாகவும் கண்டு, அமர்ந்தபடியே தம் திட்டத்தை எடுத்துரைத்தார். 1819-ஆம் ஆண்டில் அது நூல் வடிவாகவும் வெளிவந்தது.

பயன் யாது? வாட்டர்போர்டு என்னும் ஊரில் பெண்பள்ளி ஒன்று நிறுவுதற்குச் சாசனம் கிடைத்தது. பொருள் கிடைக்கவில்லை. அச்சாசனத்தை நம்பி எம்மா தம் பள்ளியை வாட்டர்போர்டுக்கு மாற்றினார். இரண்டாயிரம் டாலர் நன்கொடை அளிக்க மேலவை இசைந்தது, கீழவை இசையவில்லை. மறுமுறை முயன்றும் அரசினரின் பெட்டகம் திறக்கவில்லை. வெர்மான்ட்டில் நன்கு வேரூன்றிய பள்ளியைப் பெயர்த்து வந்தவர்க்கு இஃது எத்துணைத் துயர் விளைத்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அங்கிருந்த நாளில் மற்றொரு சோதனையும் நேர்ந்தது. 1820-ஆம் ஆண்டில் அவர்தம் மாணவி ஒருத்தி வடிவ கணிதத்திற் பலர் அறியத் தேர்வு கொடுத்தாள். வினவியவற்றுக்கெல்லாம் பிழையின்றி விடை கூறினாள். வந்திருந்தோரிற் சிலர், பெண்ணால் இதனைப் பொருளுணர்ந்து கூற இயலாது. கிளிபோல் மனப்பாடம் செய்தே ஒப்பித்தாள் என்றனர். எம்மா அவர்களோடு வாதிட்டுக் காலங்கழிக்கவில்லை. மேன்மேலும் மாணவியரைக் கணிதத்திற் பயிற்றினார்.

திராய் நகரத்தார் செய்த உதவி

வாட்டர்போர்டுக்கு அண்மையில் ஹட்சன் ஆற்றங்கரையில் திராய் என்னும் நகரம் உண்டு. வாணிபத்தாலும் கைத்தொழிலாலும் வளர்ந்துகொண்டிருந்த நகரம் அது. மாகாண அரசு கைவிட்ட ஆசிரியையை இந்நகரத்தார் அழைத்தனர். நகரசபை வரி விதித்து 4,000 டாலர் திரட்டத் தீர்மானித்தது. நன்மக்கள் மேலும் பொருள் உதவினர். நகரின் நடுவே காப்பி விடுதியாக விளங்கிய மூன்றடுக்குக் கட்டடம் ஒன்று வாங்கப்பட்டுப் பள்ளிக்கேற்பப் புதுக்கப்பெற்றது. 1821-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் திராய்ப் பெண் செமினெரி திறக்கப்பட்டது. தொலைவிலுள்ள மாகாணங்களினின்றும் மாணவியர் வந்தனர்.

வழிப்போக்கர் உண்டு உறங்கிய மாடங்களிலே இப்போது இளம்பெண்கள் வடிவ கணிதம் பயின்றனர். ஓர் அறைக்கு இருவராக அவர்கள் தங்கினர். செல்வர் மகளாயினும் தன் அறையைத் தானே தூய்மை செய்தல் அங்குள்ள முறை. மருத்துவர் வில்லார்டு மனைவியின் பெருமுயற்சியைக் கண்டு பொறாமை கொள்ளாது, பள்ளியின் மருத்துவராகவும் வரவு செலவுகளை நோக்கும் பொறுப்பாளராகவும் உழைத்தார். அத்தகைய கணவர் அக்காலத்தில் அரியர். 1825-ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார். முப்பத்தெட்டு வயதில் கைம்மையுற்ற எம்மா, பள்ளியின் முழுச்சுமையையும் தாமே தாங்கி நின்றார்.

கற்பித்த முறை

எம்மா அம்மையார் கற்பித்த முறையும் புதுமையானது. கன வடிவங்களை விளக்கப் பொருத்தமான கருவிகள் இல்லாத நாளில், உருளைக்கிழங்கையும் டர்னிப் கிழங்கையும் கூம்பாகவும் பட்டகமாகவும் செதுக்கிக் காட்டினார். ஊர்ப் பெயர்களை வரிசையாக நெட்டுருச் செய்யும் பூகோளப் பாடத்தை வெறுத்து, மாணவியரே நிலப்படம் வரைந்து கற்குமாறு செய்தார். வில்லியம் உட்பிரிட்ஜ் என்பாருடன் சேர்ந்து பூகோள நூல் வெளியிட்டார். 1828-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் அமெரிக்க சரித்திரம் பல பதிப்புக்களைக் கண்டது. காலத்தை ஒரு கோயிலாக வரைந்து, நூற்றாண்டுகளைத் தூண்களாக நிறுத்தி, உலக வரலாற்றை ஒரே படத்தில் அமைத்தும் காட்டினார். அவர்தம் தங்கையார் அல்மைரா அங்கு ஆசிரியையாக இருந்து, மரஞ்செடிகளின் இயல்பை விளக்கும் நூலொன்றை 1829-இல் எழுதிப் புகழ் பெற்றார்.

உடலியல் பாடத்தில் ஒரு நிகழ்ச்சி குறிக்கத்தக்கது. மாணவி ஒருத்தி கரும்பலகையில் இதயத்தையும் குருதிக் குழாய்களையும் வரைந்து விளக்குவதைக் கண்ட தாய்மார் சிலர் நாணி வெளியேறினர். பின்னர் அவர்கள் மனம் நோகாதபடி, பாடநூல்களில் உடலுறுப்புப் படங்களின்மீது தடித்த தாள் ஒட்டப்பட்டது. பாடம் மட்டும் நிறுத்தப்படவில்லை. ஊரார் மனத்தைப் புண்படுத்தாமலும் தம் கொள்கையினின்று வழுவாமலும் நடந்துகொண்ட அம்மையாரின் நுண்ணறிவு இதனால் விளங்கும்.

பொருளற்ற பெண்கள் கல்வி பெற வழி யாது? அவர்களுக்குக் கட்டணமின்றி இடமளித்தார். ஆசிரியைகளாகிப் பொருள் ஈட்டியபின் அவர்கள் அக்கடனைத் தீர்க்கலாம். பலர் தீர்த்தனர், தீர்க்காதாரும் உளர். அம்மையார் அதுபற்றிக் கவலுற்றிலர். 1839-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அரசினரின் முதல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதற்கு முன்னரே இருநூற்றுவர் அளவில் ஆசிரியைகளை அம்மையார் ஆயத்தம் செய்து அனுப்பியிருந்தார். அவர் கையொப்பமிட்ட சான்று ஒன்றிருந்தாற் போதும். எம்மாகாணத்திலும் ஆசிரியைக்கு வேலை கிடைக்கும்.

பிறநாட்டுப் பெண்களையும் அவர் மறந்தாரில்லை. 1830-ஆம் ஆண்டில் தம் மகனுடன் ஐரோப்பா சென்று பிரான்சிலும் பிரிட்டனிலும் உள்ள பள்ளிகளைக் கண்டு வந்தார். துருக்கியர் ஆட்சியினின்று விடுபட்டிருந்த கிரேக்க நாட்டுப் பெண்களின் கல்விக்கு உதவ விரும்பி, தம் பயண நூலை 1833-இல் அச்சிட்டு, அதனால் வந்த ஊதியத்தை ஏதென்ஸ் நகரத்துப் பெண்பள்ளிக்கு அளித்தார்.

பிற்காலம்

1838-ஆம் ஆண்டில் அம்மையார் பள்ளியைத் தம் மகனிடத்தும், தம் மாணவியும் மருமகளுமாகிய சாரா வில்லார்டிடத்தும் ஒப்புவித்தார். அதே ஆண்டில் கிறிஸ்டோபர் யேட்ஸ் என்னும் மருத்துவரை மறுமணம் புரிந்தார். இது பெருந்துன்பமாக முடிந்தது. அவர் சூதாட்டத்தில் ஈடுபட்டவர் என்பது பின்னரே தெரிந்தது. ஒன்பது திங்களில் அம்மையார் அவரை விட்டு நீங்கினார். 1843-இல் மணவிடுதலை பெற்றுப் பழைய பெயரையே பூண்டார். உலகத்தார் தூற்றுவரே எனச் சோர்ந்து மூலையில் அமர்ந்தாரில்லை. 1840-ஆம் ஆண்டிலேயே தம் பிறந்த ஊரை அடுத்த கென்சிங்டனில் பொதுப் பள்ளிகளின் மேற்பார்வைப் பதவி அவரைத் தேடி வந்தது. 1846-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், ஏறத்தாழ 8,000 மைல் பயணம் செய்து, தென்மாகாணங்களிலும் மேல்மாகாணங்களிலும் பரவியிருந்த பழைய மாணவியரைக் கண்டு, ஆங்காங்கு ஆசிரியர்களுக்கு அறிவுரை வழங்கினார்.

அம்மையாரிடத்துக் குறையே இல்லை என்று யாம் கூறோம். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என எழுந்த இயக்கத்தில் அவர் சேரவில்லை. நன்மக்களை வளர்க்கும் தாயர்க்கு அறிவு வேண்டும் என்பதே பெண்கல்விக்கு அவர் காட்டிய முதற் காரணம். ஆயினும் அவர் ஏற்றிய விளக்கின் ஒளி அவர் கருதாத இடங்களிலும் பரவியது. வாக்குரிமை இயக்கத்தின் தலைவியருள் ஒருவராய் விளங்கிய எலிசபெத் கேடி ஸ்டாண்டன் திராய்ப் பள்ளியிலேயே பயின்று 1832-இல் வெளிவந்தவர். கற்பித்தவர் நின்ற இடத்திலேயே கற்றவரும் நிற்பராயின் கல்வியால் ஆவது என்?

மறைவும் நிலைபேறும்

தம் இறுதிக் காலத்தை அம்மையார் பள்ளி வளாகத்தில் இருந்த இல்லத்திலேயே கழித்தார். மாணவியர் அவரைக் கண்டு பேசி மகிழ்வர். 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், எண்பத்து மூன்று வயது நிரம்பியவராய், திராய் நகரிலேயே இறைவனடி எய்தினார்.

நிறுவியவரோடு மறையும் பள்ளிகளைக் கண்டு வருந்தியவர் அவர். அவர்தம் பள்ளியும் அவ்வாறே மறைந்ததோ? இல்லை. 1895-ஆம் ஆண்டில் அது எம்மா வில்லார்டு பள்ளி எனப் பெயர் பெற்றது. நகரின் நெருக்கம் மிகவே, புதிய இடம் வேண்டியதாயிற்று. 1847-இல் அங்குப் படித்துத் தேறிய ஒலிவியா என்பார் ரசல் சேஜ் என்னும் பெருஞ்செல்வரை மணந்து, பின் கைம்மையுற்று, அவர் செல்வமனைத்தையும் பெற்றவர். அவ்வம்மையார் தாம் பயின்ற பள்ளிக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கினார். அப்பொருளால் நகரை நோக்கி நிற்கும் ஐடா குன்றின்மீது கற்கட்டடங்கள் எழுந்தன. 1910-இல் பள்ளி அங்குக் குடியேறியது. நகரின் நடுவே இருந்த பழைய வளாகமும் வீணாகவில்லை. 1916-ஆம் ஆண்டில் அங்கே பெண்களுக்கென ரசல் சேஜ் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஒரு காலத்தில் இரண்டாயிரம் டாலர் தர மறுத்தது மாகாணம். மாணவி ஒருவரோ அதனைப்போல் ஐந்நூறு மடங்கு தந்தார். அம்மையார் சட்டசபையில் கேட்டுப் பெறாத செல்வத்தை, அவர் வகுப்பறையில் விதைத்த நன்றி விளைவித்துத் தந்தது.

இன்றும் அப்பள்ளி அரசினர் ஆட்சிக்கு உட்படாத தனிப் பள்ளியாக, ஐடா குன்றின்மேல் உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்குக் கல்வி அளித்து வருகின்றது.

அன்பர்காள்! நம் கலாசாலையின் சுவர்களும் யாரோ ஒருவர் வேண்டிப் பெற்றவை. நம் நூல் நிலையத்தின் ஏடுகளும் யாரோ ஒருவர் இரந்து சேர்த்தவை. அவர்களுள் எத்தனையோ பேர் மறுப்புரை கேட்டுத் தலைகுனிந்து திரும்பியும், மறுநாள் மீண்டும் புறப்பட்டிருப்பர். அவர்தம் உழைப்பின் நிழலில் இருந்து கற்கும் நாம், நமக்குப் பின் வருவார்க்கும் அந்நிழல் குன்றாதிருக்கச் செய்வதே அவர்க்கு நாம் செலுத்தும் கைம்மாறு ஆகும். எம்மா வில்லார்டு அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் கடமையும் இதுவே.